மர்பி டவுனிலிருந்து மாலூர்ச் சவுக்குத் தோப்பு வரை

பெங்களூரில் அல்சூர் ஏரிக்குக் கிழக்கே, பழைய சென்னைச் சாலைக்கு அண்மையில் அமைந்திருப்பது மர்பி டவுன். முன்னாளில் நாக்ஸ்பேட்டை என வழங்கிய இவ்விடம், கண்டோன்மென்டில் பொறியாளராகப் பணியாற்றிய மர்பி என்பாரின் பெயரைப் பின்னர்ப் பெற்றது. 1898ஆம் ஆண்டில் பிளேக் நோய் இந்நகரைத் தாக்கியபின், நெருக்கமான பேட்டைகளுக்கு மாற்றாகக் காற்றும் வெளிச்சமும் புகும் குடியிருப்புகள் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1910இல் பிரேசர் டவுன் தோன்றியது. உழைப்பாளர் குடும்பங்களுக்கான நம் மர்பி டவுன் அதன்பின் உருவாயிற்று.

நம் முன்னோர் இங்கு வந்த வழிகள் இரண்டு. 1809இல் கண்டோன்மென்ட் அமைந்தபோது படையுடனும், படைக்கு வேண்டிய பொருள்களை வழங்குவோருடனும், கட்டட வேலையாட்களுடனும் வந்தவர் ஒரு சாரார். 1864ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மென்டுக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டபின், அவ்வழியே பிழைப்புத் தேடி வந்தவர் மற்றொரு சாரார். எவ்வழியே வந்தவராயினும், குடியேறியவுடன் அவர்கள் செய்த முதற்செயல் ஒன்றே: அடுப்பு மூட்டுதல். அடுப்புக்கு விறகு வேண்டும். அவ்விறகு எங்கிருந்து வந்தது, இன்று எங்கிருந்து வருகிறது என்பதை நேரிற் கண்டு வந்தோம். அச்செய்தியை அன்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அடுப்பும் ஊரும்

சம்பளம் கைக்கு வந்ததும் வீட்டு வாடகை, அரிசி, விறகு ஆகிய மூன்றையும் முதலில் ஒதுக்கிவிட்டுத்தான் மற்றச் செலவுகளை எண்ணுவது வழக்கம் என்று நம் பகுதி மூத்தோர் கூறுவர். தெருக்கோடியில் விறகு டிப்போ இருக்கும்; அதனைக் கன்னட அன்பர்கள் சௌதெ டிப்போ என்பர். பெரிய தராசில் மணங்குக் கணக்கில் நிறுத்து, கைவண்டியில் ஏற்றி அனுப்புவர். ஈரவிறகைத் தலையிற் கட்டிவிட்டான் என்று டிப்போக்காரருடன் சண்டையிடாத இல்லத்தரசி நம் தெருக்களில் இருந்ததில்லை.

இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த அமுல்ய ரெட்டி, சுதாகர் ரெட்டி ஆகியோர் பெங்களூரின் விறகுப் பயன்பாட்டை ஆராய்ந்து 1983இல் கட்டுரை ஒன்று வெளியிட்டனர். வருவாய் உயர உயர வீடுகள் மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் மாறுகின்றன. விறகையே நம்பி நிற்போர் எளியவர் என்பது அதன் சாரம். மர்பி டவுன்வாசிகளுக்கு இதனை ஆய்வாளர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இன்று நம் சமையலறைகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் எரிவாயுவே எரிகிறது. ஆயினும் விறகு முற்றும் மறைந்துவிடவில்லை. புழக்கடையில் செப்பு அண்டாவில் குளிக்க வெந்நீர் காய்ச்சும் குடும்பங்கள் இன்னும் உள்ளன. பொங்கலுக்கும், திருமணப் பந்திக்கும், தேவாலய விருந்துக்கும், பெருநாள் பிரியாணிக்கும் விறகடுப்பே மூட்டப்படுகிறது. கண்டோன்மென்டின் பழைய ரொட்டிக் கடைகள் சிலவற்றில் விறகுச் சூளையே இன்றும் தொழிற்படுகிறது.

ஊசியிலை மரமோ எனில்

மேலை நாடுகளில் குளிர்காலத்திற்காக வீட்டார் தாமே பைன் முதலிய ஊசியிலை மரங்களை வெட்டிச் சிறு டிராக்டரால் இழுத்து வந்து அடுக்கிவைப்பர். நம் சமவெளியில் அத்தகைய காடு இல்லை. பெங்களூரில் அவ்வகை மரத்தைக் காண விரும்புவோர் லால்பாக் தோட்டத்தில் வானளாவி நிற்கும் அராகேரியா மரங்களைக் காணலாம். அவை அழகுக்கு உரியவை, அடுப்புக்கு உரியவை அல்ல. நமக்கு அவ்விடத்தில் நின்று உதவுவது சவுக்கு. கன்னடத்தில் சர்வே என்பர். பார்வைக்கு ஊசியிலை மரம் போன்றது. காயும் சிறு கூம்பு போன்றது. காற்று வீசினால் எழும் ஓசையும் பைன் காட்டை ஒக்கும். ஆயினும் தாவர நூலார் இதனைப் பூக்கும் மர வகையிலேயே சேர்ப்பர்.

நாம் இலை என்று கருதும் பச்சை ஊசிகள் உண்மையில் இலைகள் அல்ல, மெல்லிய கிளைகள். ஒவ்வொரு கணுவிலும் பற்கள் போல் அமைந்த நுண்ணிய செதில்களே அதன் இலைகள். கணுவில் இழுத்துப் பிரித்து, மீண்டும் பொருத்தி, "எங்கே ஒடித்தேன், சொல்" என்று நம் பிள்ளைகள் ஆடும் விளையாட்டுக்கு அக்கணுக்களே காரணம். கிறிஸ்துமஸ் காலத்தில் நம் பகுதி வீடுகளில் நட்சத்திரமும் பஞ்சும் தாங்கி நிற்பதும் பெரும்பாலும் சவுக்குக் கிளையே.

இம்மரம் நம் மண்ணுக்கு வந்த வரலாற்றில் இரயில்வேக்குப் பெரும் பங்கு உண்டு. இரயில்வே ஊழியர் என்ற முறையில் இதனை எழுத நமக்கு மகிழ்ச்சி. சென்னை இரயில்வே 1856இல் இராயபுரத்திலிருந்து தன் முதல் வண்டியை ஓட்டியது. தொடக்கக் காலத்தில் அதன் எஞ்சின்கள் விறகையே உண்டன. காடுகள் விரைந்து அழிவதைக் கண்டு, அதே 1856இல் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராகப் பொறுப்பேற்ற டாக்டர் கிளெகார்ன் எச்சரித்தார். அதன்பின் கிழக்குக் கடற்கரை மணலிலும், மேற்கே கார்வாரிலும் சவுக்குத் தோப்புகள் எழுந்தன. கார்வாரில் அது தொடங்கிய ஆண்டு 1868. நிலக்கரி வந்ததும் இரயில்வே விறகைக் கைவிட்டது. இரயிலுக்காக வந்த மரமோ அடுப்புக்காக நிலைத்துவிட்டது.

நிலைத்ததற்குக் காரணமும் உண்டு. சவுக்கு கடினமான மரம். ஒரு கிலோ விறகு ஏறத்தாழ 5,000 கிலோகலோரி வெப்பம் தரும். நின்று எரியும், சாம்பல் குறைவு. வேரில் உள்ள முடிச்சுகளில் பிராங்கியா என்னும் நுண்ணுயிர் தங்கிக் காற்றிலுள்ள நைட்ரஜனை மரத்திற்கு உணவாக்கித் தருவதால், சத்தற்ற மண்ணிலும் இது வளர்கிறது.

மாலூர்ப் பயணம்

நம் சங்கத்தின் பொங்கல் விழாவிற்கு விறகு வாங்கிவரும் பொறுப்பு இம்முறை நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. டிப்போவில் கேட்ட விலை மலைக்கச் செய்தது. விளையும் இடத்திற்கே சென்று பார்ப்போம் என்று, மார்கழி மாதத்து ஞாயிறு ஒன்றில் நண்பர் இருவருடன் புறப்பட்டோம். மெட்ரோவில் கிருஷ்ணராஜபுரம் சென்று, அங்கிருந்து பங்காரப்பேட்டை செல்லும் பயணிகள் வண்டியில் ஏறினோம்.

ஒயிட்பீல்டைக் கடந்ததும் தேவனகொந்தி நிலையம் வருகிறது. பாதையோரம் பெருங்கலங்களாக எண்ணெய்க் கிடங்குகள் தென்படுகின்றன. எரிவாயுவை உருளைகளில் நிரப்பும் ஆலையும் இவ்வூரில் உள்ளது. நம் சமையலறைச் சிவப்பு உருளை புறப்படும் இடங்களுள் இதுவும் ஒன்று. அதற்கடுத்த நிலையம் மாலூர். எரிவாயுவும் விறகும் ஒரே பாதையில் அடுத்தடுத்த நிலையங்களில் இருப்பதைக் கண்டு நண்பர் நகைத்தார்.

மாலூர் செங்கல்லுக்கும் ஓட்டுக்கும் பெயர்பெற்ற ஊர். நிலையத்திலிருந்து மூன்று கல் தொலைவிலுள்ள சிற்றூர் ஒன்றில், தம் பாட்டனார் காலத்தில் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பத்தார் ஒருவருக்கு இரண்டு ஏக்கர் சவுக்குத் தோப்பு உண்டு. அன்று அங்கே வெட்டு நடந்துகொண்டிருந்தது. "வாங்கய்யா, நிழல்ல நில்லுங்க. மரம் சாயுற பக்கம் மட்டும் வராதீங்க" என்று அவர் வரவேற்றார்.

தோப்பிற் கண்டவை

நான்கடிக்கு ஒரு கன்று என்று நட்டால் ஏக்கருக்கு இரண்டாயிரத்து எழுநூறு மரங்கள் நிற்கும். இவரோ வரிசைக்கு வரிசை ஆறடி விட்டு நட்டிருந்தார். மரம் குறையுமே என்று வினவினோம். "டிராக்டர் நுழைய வேணாமா?" என்று திருப்பிக் கேட்டார். நடும்போதே வெட்டும் நாளை எண்ணுதல் வேண்டும் என்பதை அவ்விடையால் அறிந்தோம்.

மூன்று உழவர் கூட்டாக வாங்கிய சிறு டிராக்டர் அது. இருபது குதிரைத்திறனுக்கு உட்பட்டது. இவ்வகைச் சிறு பொறிகளுடன் நம் பெங்களூர்த் தமிழருக்குப் பழைய தொடர்பு உண்டு. வி. எஸ். திருவேங்கடசாமி முதலியார் 1911இல் இந்நகரில் தொடங்கிய வாணிகத்திலிருந்து கிளைத்த வி.எஸ்.டி. டில்லர்ஸ் டிராக்டர்ஸ் நிறுவனம், 1967 முதல் ஜப்பானிய மிட்சுபிஷியின் தொழில்நுட்பத்துடன் கைக்கலப்பைப் பொறிகளையும் பின்னர்ச் சிறு டிராக்டர்களையும் செய்துவருகிறது. பெரும்பண்ணைக்கு ஏற்ற பெரிய டிராக்டர் சவுக்கு வரிசைக்குள் திரும்பக்கூட இயலாது. இரண்டு ஏக்கர்க்காரருக்கு ஏற்றது இச்சிறு பொறியே.

வேலை நடக்கும் முறை கண்ணுக்கு விருந்து. தோப்பின் ஓரத்திலிருந்து தொடங்கி உள்நோக்கி வெட்டுகின்றனர். இல்லையேல் சாயும் மரம் நிற்கும் மரத்தில் சிக்கிக்கொள்ளும். சாய வேண்டிய பக்கம் கோடரியால் முதலில் வாய் வெட்டி, பின் மறுபக்கம் மோட்டார் இரம்பத்தால் அறுக்கின்றனர். சாய்ந்த மரத்தின் கிளைகளைக் கழித்து மிலாறாகக் கட்டுவது பெண்கள் வேலை. அடிமரங்கள் ஐந்தாறை ஒன்றாகச் சங்கிலியாற் பிணைத்து, அடிப்பக்கம் முன்னே இருக்குமாறு டிராக்டர் இழுத்துச் செல்கிறது.

சங்கிலி மாட்டுவதில் அவர் காட்டிய கவனத்தை இங்கே குறிப்பிடுதல் தகும். டிராக்டரின் பின்புறம் தாழ்வாக உள்ள இழுவைக் கொக்கியில்தான் மாட்டுகிறார். மேலே மாட்டி இழுத்தால், மரம் வேரிலோ கல்லிலோ தடுக்கும்போது டிராக்டரின் முன்சக்கரங்கள் எழும்பி, ஓட்டுபவர்மேலேயே பொறி கவிழக்கூடும். சிறிய பொறிதானே என்ற அலட்சியம் உயிருக்குக் கேடு. இழுக்கும்போது சங்கிலிக்கு அருகில் எவரையும் அவர் நிற்க விடவில்லை.

மேட்டில் மரங்கள் தரம் பிரிக்கப்படுகின்றன. நீண்டு நேராக உள்ளவை கட்டட வேலையின் சாரத்திற்குச் செல்லும் கம்புகள், விலை கூடுதல். வளைந்தவையும் மெலிந்தவையும் மூன்றடித் துண்டுகளாகி விறகாகும். மிலாறு செங்கற் சூளைக்குச் செல்லும். இறுதியில் அடிக்கட்டையையும் தோண்டி எடுத்து வேர்க்கட்டையாக விற்பர். தரையிற் கிடக்கும் சருகையும் விடுவதில்லை. சரக்குப் பதிவேட்டில் எடையும் தொலைவும் எழுதிப் பழகிய நமக்கு, ஒரு மரத்தின் ஒரு பகுதியும் கணக்கிற்கு வெளியே போகாத இம்முறை வியப்பளித்தது.

தலைச்சுமை

அவ்வுழவரின் தாயார் எழுபதைக் கடந்தவர். மிலாற்றுக் கட்டின்மேல் அமர்ந்து எங்களுடன் உரையாடினார். டிராக்டரைச் சுட்டி, "இது வர்றதுக்கு முன்னாடி எல்லாம் தலைச்சுமைதான் தம்பி. விடியக்காலைல ரயிலடி வரைக்கும் மூணு மைலு. நானும் என் நாத்தனாரும் போவோம். ஒரு கட்டு வித்தா அன்னைக்கு ராகி. மழை வந்தா கட்டும் நனையும், ராகியும் இல்ல" என்றார். கன்று நட்ட முதல் இரண்டு கோடையும் குடத்தால் நீர் ஊற்றியதும் தாமே என்றார். அவர் கழுத்தை இன்றும் முழுமையாகத் திருப்ப இயலவில்லை.

மர்பி டவுனில் நம் பாட்டிமார் டிப்போத் தராசின் முன் நின்று விறகு ஈரமென்று சண்டையிட்ட அக்காலத்தில், அத்தராசுக்கு மறுமுனையில் இத்தகைய பெண்கள் இருந்தனர். இரு சாராரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. இருவர்க்கும் இடையே கைமாறிய ஒவ்வோரிடத்திலும் விலை ஏறியது. சுமந்தவருக்குக் கிடைத்தது ஒரு வேளை ராகி. விறகின் விலையிற் பெரும்பங்கு மரத்துக்கன்று, வழிக்கே உரியது என்ற உண்மை அம்மூதாட்டியின் சொல்லால் நமக்கு விளங்கிற்று. சிறு டிராக்டர் செய்த பெரும்பணி வேகமன்று. அச்சுமையைப் பெண்களின் தலையிலிருந்து இறக்கியதே.

உழவரின் கவலை

ஆயினும் அவ்வுழவர் மகிழ்ச்சியுடன் இல்லை. சவுக்கை வெட்டுவதற்குத் தடை ஏதும் இல்லை. 1976ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம் தனியார் நிலத்துச் சவுக்குக்கு முன் அனுமதி வேண்டாமென விலக்களித்துள்ளது. தைலமரம் நிலத்தடி நீரை வற்றச் செய்கிறதென அதனைப் புதிதாக நடுவதற்கு அரசு 2017இல் தடை விதித்தது. சவுக்கு அத்தடையில் இல்லை. அவர் கவலை வேறு. கோலார் மாவட்டத்தில் ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியையும் தாண்டுகின்றன. பக்கத்து நிலத்தார் வீட்டுமனைக்கு விற்றுவிட்டார். அங்கே மஞ்சட் கற்கள் நடப்பட்டுள்ளன. தரகர்கள் இவரிடமும் வந்து போகின்றனர்.

"அஞ்சாறு வருஷம் காத்திருந்து வெட்டறேன். டிப்போக்காரர் சொன்னதுதான் விலை. ஆனி மழைக்குள்ள மறுபடி நடறதா, நிலத்தைக் கொடுத்துடறதான்னு முடிவு பண்ணணும்" என்றார். நாம் வாங்கிய ஒன்றரை டன் விறகைத் தம் டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவந்து பிரதான சாலையில் வாடகை வண்டிக்கு மாற்றித் தந்தார். வண்டி வாடகையும் சேர்ந்து, டிப்போ விலையைவிடக் குறைவாகவே ஆயிற்று. அவருக்கோ வழக்கமாகக் கிடைப்பதைவிடக் கூடுதல். எடை இருவர் கண்முன் நிறுக்கப்பட்டது. பேரமும் இல்லை, பிணக்கும் இல்லை.

நம் இல்லங்களுக்குச் சில

இதனைப் படித்து, எரிவாயுவை விட்டு விறகுக்குத் திரும்பச் சொல்வதாக எவரும் கருதலாகாது. வீட்டினுள் எழும் புகை கொடியது. வீட்டுப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் மாண்டனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. ஏழை இல்லங்களுக்கு எரிவாயு இணைப்பு வழங்கும் உஜ்வலா திட்டம் 2016இல் தொடங்கப்பட்டதும் இக்காரணம் பற்றியே. மர்பி டவுனின் சிறு வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. நம் புகை அடுத்த வீட்டுக் குழந்தையின் மூச்சாகும். ஆகவே அன்றாடச் சமையலுக்கு எரிவாயுவே தக்கது. வெந்நீர் அண்டாவுக்கும், பொங்கலுக்கும், பெரும்பந்திக்கும் விறகு வேண்டுவோர் பின்வருவனவற்றை மனங்கொள்ளுதல் நலம்.

விறகை வாங்கியவுடன் எரிக்கலாகாது. சவுக்கு பச்சையிலும் எரியும் என்பது உண்மையே. ஆயினும் உள்ளிருக்கும் நீரை ஆவியாக்கவே வெப்பத்தின் ஒரு பகுதி வீணாகும், புகையும் மிகும். குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அடியில் கல்லிட்டு, மேலே மட்டும் தகரம் மூடி, பக்கங்களில் காற்றோட விட்டு, சில மாதங்கள் உலர்த்துதல் வேண்டும். பருத்த கட்டையைப் பிளந்து வைத்தால் விரைவில் உலரும். முனைகளில் வெடிப்பு ஓடியிருப்பதும், இரண்டைத் தட்டினால் கணீரென ஒலிப்பதும் உலர்ந்ததற்கு அடையாளம். அடுப்பு திறந்த வெளியில் இருத்தல் வேண்டும்; கூரைக்குக் கீழாயின் புகைபோக்கி கட்டாயம். குறைந்த விறகில் மிகுந்த வெப்பம் தரும் அடுப்புக்காக இந்திய அறிவியல் கழகத்தின் அஸ்த்ரா மையம் முன்பே உழைத்துள்ளது. 1974இல் தொடங்கிய அம்மையம் உருவாக்கிய, புகைபோக்கியுடன் கூடிய அஸ்த்ரா ஒலெ கர்நாடகச் சிற்றூர்கள் பலவற்றிற் பரவியது. ஒலெ என்பது கன்னடத்தில் அடுப்பு.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நம் பகுதியில் விறகு வாங்கும் குடும்பங்கள் இருபது சேர்ந்தால், ஆண்டுக்கு இரண்டு வண்டி விறகை அவ்வுழவரிடமே நேராகப் பெறலாம். நமக்குச் செலவு குறையும். அவருக்கு உறுதியான விலை கிடைக்கும். ஆனி மழைக்கு முன் மீண்டும் கன்று நட அவருக்கு ஒரு காரணமும் உண்டாகும். இருபது குடும்பங்களின் வெந்நீரால் இரண்டு ஏக்கர் தோப்பு முழுவதும் காப்பாற்றப்பட்டுவிடும் என நாம் கூறவில்லை. எனினும், மஞ்சட் கல்லா, சவுக்குக் கன்றா என்று அவர் எண்ணும் வேளையில், நம் பக்கத்துச் சொல் ஒன்று அவரிடம் சென்று சேர்ந்திருத்தல் நன்று.

பங்குகொள்ள விரும்பும் குடும்பத்தார், தமக்கு ஆண்டுக்கு எத்துணைக் கிலோ வேண்டும் என்பதைக் குறித்து, பங்குனித் திங்கள் முடிவதற்குள் சங்கத்தில் நம்மிடம் தெரிவிப்பாராக. சித்திரையில் மீண்டும் மாலூர் செல்கிறோம். உடன்வர எண்ணும் இளைஞர்கள் வரலாம். சங்கிலிக்கு அருகில் மட்டும் நிற்றலாகாது.